அழித்து எழுதும் தட்டு: மடிக்கணினிக்குள் டிவிடி ரைட்டர் நுழைந்த கதை



பழைய மடிக்கணினி ஏதாவது கைக்குக் கிடைத்தால் அதன் பக்கவாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மெல்லிய ஒரு டிரே, அதில் ஒரு குட்டி பட்டன், ஓரத்தில் பொடி எழுத்தில் மூன்று நான்கு சின்னங்கள் இருக்கும். அதில் ஒன்று 'டிவிடி±ஆர்டபிள்யூ' என்று சொல்லும். அந்தக் கூட்டல் கழித்தல் குறி எதற்கு? ஒரு தட்டில் எழுத எதற்கு இத்தனை சின்னங்கள்?

அந்தச் சின்னங்களுக்குப் பின்னால் ஒரு படிக்காத மேதை, இரண்டு கோஷ்டிகளின் சண்டை, ஒரு விலைக் கூட்டுச்சதி, நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் ஏற்ற இறக்கம் எல்லாம் இருக்கின்றன. வகுப்பில் யாரும் சொல்லித் தராத வரலாறு என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டுரை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும் :-)

சிலேட்டுப் பலகை போல ஒரு கலவை

கதை ஜப்பானில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் 1922-ல் பிறந்த ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கியிடம் தொடங்குகிறது. கல்லூரிப் பக்கமே போகாதவர். லேத் பட்டறையில் வேலை கற்றவர். மனைவி ஐரிஸுடன் சேர்ந்து 1960-ல் டெட்ராய்டில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

அப்போது மின்னணு உலகம் முழுவதும் ஒழுங்கான படிகங்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் ஒழுங்கில்லாத, கண்ணாடி போன்ற பொருள்களைப் பிடித்துக்கொண்டார். சில கலவைகள் இரண்டு நிலைகளில் இருக்க முடியும்: அணுக்கள் வரிசை கட்டி நிற்கும் படிக நிலை, அணுக்கள் கலைந்து கிடக்கும் கண்ணாடி நிலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம், திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இதை 1968-ல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார். டிகிரி இல்லாத ஆள் சொன்னதாலோ என்னவோ, பல நிபுணர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

ஆனால் ஜப்பானியக் கம்பெனிகள் பார்த்த விதம் வேறு. மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்) இந்த யோசனையை ஒளித்தகட்டுக்குக் கொண்டுபோனது. அங்கே நோபோரு யமடாவும் அவருடைய சகாக்களும் 1980-களில் ஜெர்மானியம், ஆன்டிமணி, டெல்லூரியம் மூன்றும் சேர்ந்த கலவையை உருவாக்கினார்கள். லேசர் பட்ட கண நேரத்துக்குள் நிலை மாறும் கலவை அது. அதை வைத்து 1995-ல் 'பிடி' என்ற பெயரில் 650 மெகாபைட் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த அழித்து எழுதும் டிவிடிகளுக்கு அதுதான் அண்ணன்.

லேசர் எப்படி அழிக்கிறது?

'டிவிடி எரிக்கிறது' என்று சொல்கிறோம். ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் தட்டில் அது ஓரளவு உண்மைதான். அதில் ஒரு சாயப்பூச்சு இருக்கும். லேசர் சூட்டில் அந்தச் சாயம் கெட்டு, நிரந்தரமான தடம் விழும். திரும்ப அழிக்க முடியாது.

ஆர்டபிள்யூ தட்டில் எதுவும் எரிவதில்லை. உருகி உறைகிறது, அவ்வளவுதான். லேசரின் சக்தியை மூன்று அளவில் வைக்கிறார்கள்.

1. எழுத: அதிக சக்தி. அந்தப் புள்ளி சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி உருகும். லேசர் விலகியதும் சட்டென்று குளிர்ந்துவிடுவதால் அணுக்களுக்கு வரிசை கட்ட நேரம் கிடைக்காது. கலைந்தபடியே உறைந்துவிடும். அந்த இடம் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பும்.

2. அழிக்க: நடுத்தர சக்தி. உருகாது, ஆனால் அணுக்கள் நகர்ந்து மறுபடி வரிசையில் நிற்கும் அளவுக்குச் சூடாகும். அந்த இடம் மீண்டும் பளபளப்பாகிவிடும்.

3. படிக்க: மிகக் குறைந்த சக்தி. எதையும் மாற்றாமல் பார்த்துவிட்டுப் போகும்.

டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி+ஆர்டபிள்யூ தட்டுகளில் ஏறக்குறைய 1,000 முறை அழித்து எழுதலாம் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. டிவிடி-ராம் தட்டில் 1,00,000 முறை.

இன்னொரு சங்கதி. கடையில் வாங்கும் படத் தட்டு, தன்மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ தட்டு 18 முதல் 30 சதவீதம்தான் அனுப்பும். இரண்டு அடுக்கு உள்ள படத் தட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான் அனுப்பும். அதனால் பழைய டிவிடி பிளேயர்கள் பல, ஆர்டபிள்யூ தட்டைப் போட்டால் 'இது இரண்டு அடுக்குத் தட்டு போல' என்று நினைத்துத் தடுமாறி, கடைசியில் படிக்க முடியாது என்று துப்பிவிடும். 'கம்ப்யூட்டரில் ஓடுகிறது, டிவியில் ஓடவில்லை' என்று அந்தக் காலத்தில் பலர் புலம்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கூட்டலா கழித்தலா?

டிவிடியே ஒரு சமாதான ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். 1990-களின் நடுவில் ஒரு பக்கம் சோனியும் பிலிப்ஸும், மறுபக்கம் டோஷிபாவும் அதன் தோழர்களும் தனித்தனித் தட்டோடு நின்றார்கள். கணினிக் கம்பெனிகள் 'ஒன்றாக வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் ஏற்க மாட்டோம்' என்று நெருக்கியதால் 1995-ல் ஒரே வடிவத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனை தொடங்கியது.

படிக்கும் தட்டில் வந்த சமாதானம், எழுதும் தட்டில் வரவில்லை.

டிவிடி ஃபோரம் என்ற கூட்டமைப்பின் பக்கம் இரண்டு வகைகள் வந்தன. 1998-ல் கடைக்கு வந்த டிவிடி-ராம் முதலில் ஒரு பக்கத்துக்கு 2.6 ஜிகாபைட் கொண்டது, பிறகு 4.7 ஆனது. பானசோனிக், ஹிட்டாச்சி, டோஷிபா அதன் பின்னால் நின்றன. பயனியர் கம்பெனியோ டிவிடி-ஆர், டிவிடி-ஆர்டபிள்யூ வழியில் போனது. 1997-ல் அது விற்ற முதல் டிவிடி-ஆர் ரைட்டரின் விலை சுமார் 17,000 டாலர்! அதே பயனியர் 2001-ல் கொண்டுவந்த ரைட்டரைத்தான் ஆப்பிள் 'சூப்பர்டிரைவ்' என்று பெயர் வைத்து அந்த ஆண்டு ஜனவரியில் தன் பவர்மேக் மேசைக்கணினிக்குள் வைத்தது.

எதிர்ப்பக்கம் சோனி, பிலிப்ஸ், எச்பி, ரிகோ, யமஹா, மிட்சுபிஷி கெமிக்கல் சேர்ந்து டிவிடி+ஆர்டபிள்யூ அணியை 1997-ல் தொடங்கின. முதலில் திட்டமிட்ட 3 ஜிகாபைட் தட்டைக் கைவிட்டு, 2001-ல் 4.7 ஜிகாபைட் தட்டோடு வந்தார்கள். அதிகாரபூர்வ டிவிடி சின்னம் இவர்களுக்குக் கிடையாது. அதனால் 'ஆர்டபிள்யூ' என்று தனிச் சின்னம் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டிலும் 1,000 முறை, இரண்டிலும் 4.7 ஜிகாபைட். பிறகு என்ன வித்தியாசம்? பிளஸ் தட்டில் ஏற்கெனவே எழுதியதன் மேலேயே நேராக எழுதலாம், பாதியில் நிறுத்தி விட்ட இடத்திலிருந்து துல்லியமாகத் தொடரலாம். மைனஸ் தட்டை வழக்கமான முறையில் பயன்படுத்தும்போது முதலில் முழுசாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். இந்த நுணுக்கம் வாங்குகிறவனுக்கு எங்கே தெரியும்? கடையில் போய் மைனஸ் தட்டை வாங்கி வந்து பிளஸ் ரைட்டரில் போட்டால் எழுதாது. அதுதான் அவனுக்குத் தெரிந்த வித்தியாசம்.

2002-ல் சோனி தன் டிஆர்யூ-500ஏ ரைட்டரில் இரண்டு வகையும் எழுதும்படி செய்தது. ± குறி அப்படி வந்ததுதான். அதன்பின் ராமும் சேர்ந்து 'சூப்பர் மல்டி' ஆனது. சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. எல்லாத் தட்டும் எழுதும் ரைட்டர் மலிவானதும் சண்டைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விட்டது.

12.7 மில்லிமீட்டருக்குள் ஒரு தொழிற்சாலை

இப்போது மடிக்கணினிக்கு வருவோம். மேசைக்கணினி டிரைவ் ஒரு செங்கல் மாதிரி, 4 சென்டிமீட்டருக்கும் மேல் உயரம். மடிக்கணினிக்குள் கிடைத்த உயரம் 12.7 மில்லிமீட்டர். இன்னும் மெல்லிய கணினிகளில் 9.5 மில்லிமீட்டர். அதற்குள் மோட்டார், லேசர், லென்ஸ் எல்லாம் அடங்க வேண்டும்.

இடம் இல்லாததால் என்ன செய்தார்கள் தெரியுமா? மேசைக்கணினியில் தட்டு மட்டும்தான் டிரேயில் வெளியே வரும். மடிக்கணினியில் மோட்டாரும் லேசரும் லென்ஸும் சேர்ந்தே டிரேயோடு வெளியே வந்துவிடும். தட்டை நடுக் குமிழில் 'டக்' என்று அழுத்தி மாட்ட வேண்டும். விரல் வழுக்கினால் லென்ஸ் மேல் ரேகை படியும். அப்புறம் அந்த டிரைவ் தட்டையே அடையாளம் காணாது.

மின்சாரமும் குறைவு. மேசை டிரைவுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் உண்டு. மடிக்கணினி டிரைவுக்கு 5 வோல்ட் மட்டும். சின்ன மோட்டார், குறைந்த மின்சாரம் என்பதால் வேகமும் குறைந்தது. மேசை ரைட்டர்கள் 16எக்ஸ், அதற்கும் மேல் போனபோது மடிக்கணினி ரைட்டர்கள் பெரும்பாலும் 8எக்ஸோடு நின்றுவிட்டன.

இந்த 'எக்ஸ்' என்ன கணக்கு? டிவிடியில் 1எக்ஸ் என்றால் வினாடிக்கு சுமார் 1.385 மெகாபைட். 4.7 ஜிகாபைட் தட்டு முழுவதையும் 1எக்ஸில் எழுத ஏறக்குறைய 57 நிமிடம். ஆரம்பகால பிளஸ் ரைட்டர்களின் 2.4எக்ஸில் சுமார் 24 நிமிடம். (4.7 என்று அட்டையில் போட்டிருக்கும், விண்டோஸில் 4.38 என்று காட்டும். ஏமாற்று இல்லை. ஒருவர் ஆயிரத்தால் வகுக்கிறார், மற்றவர் 1,024-ஆல் வகுக்கிறார்.)

2001 வாக்கில் மடிக்கணினி வாங்கியவருக்குக் கிடைத்த நல்ல தேர்வு 'காம்போ டிரைவ்'. டிவிடியைப் படிக்கும், சிடியில் எழுதும். டிவிடியில் எழுதாது. 2002 நவம்பரில் ஆப்பிள் தன் பவர்புக் ஜி4 மடிக்கணினியில் டிவிடி-ஆர் எழுதும் சூப்பர்டிரைவை வைத்தது. டிரே கிடையாது, வாயில் திணித்தால் விழுங்கிக்கொள்ளும் ரகம். எழுதும் வேகம் 1எக்ஸ்தான். அடுத்த சில ஆண்டுகளில் நடுத்தர விலை மடிக்கணினிகளிலும் ரைட்டர் வந்துவிட்டது.

திங்க்பேட் மாதிரிக் கணினிகளில் 'அல்ட்ராபே' என்ற மாற்றுக்குழி இருந்தது. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு பேட்டரியையோ ஹார்ட் டிஸ்கையோ செருகலாம். இந்த வசதிக்கு இன்றைய மெல்லிய கணினிகளில் ஈடு இல்லை என்பது என் கருத்து.

டிவிடி-ராமுக்கு இங்கே ஒரு சோதனை. அது முதலில் பிளாஸ்டிக் உறைக்குள் வந்த தட்டு. மடிக்கணினியின் மெல்லிய டிரேயில் உறைக்கு இடமில்லை. உறையைக் கழற்றித் தட்டை மட்டும் போட வேண்டியிருந்தது. ஃப்ளாப்பி மாதிரி இழுத்துப் போட்டுக் கோப்புகளை வைக்கலாம், கெட்ட இடங்களைத் தானே கண்டு ஒதுக்கும், லட்சம் முறை எழுதலாம். மூன்றிலும் இதுதான் சிறந்தது என்று நான் சொல்வேன். ஆனால் தட்டு விலை அதிகம், பெரும்பாலான வீட்டு பிளேயர்களில் ஓடாது. நல்ல பொருள் என்பதற்காக மட்டும் சந்தை ஒன்றை ஏற்றுக்கொள்வதில்லை.

வெளியே தொங்கிய பெட்டி

உள்ளே ரைட்டர் இல்லாதவர்களுக்கு வழி? வெளியே மாட்டும் டிரைவ்தான். இதிலும் சிக்கல்கள்.

பழைய மடிக்கணினிகளில் இருந்தது யூஎஸ்பி 1.1. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். டிவிடி 1எக்ஸுக்கே 11 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். வழியில் ஆகும் செலவு போக மிச்சம் போதாது, ஆக டிவிடி எழுதுவது நடக்காத காரியம். 2000-ல் வந்த யூஎஸ்பி 2.0 (480 மெகாபிட்) அல்லது ஃபயர்வயர் (400 மெகாபிட்) தேவை. அவை இல்லாதவர்கள் பிசிஎம்சிஐஏ துளையில் யூஎஸ்பி 2.0 கார்டு வாங்கிச் செருகினார்கள்.

அடுத்தது மின்சாரம். ஒரு யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட். தட்டைச் சுழற்றி லேசரால் உருக்க அது போதாது. அதனால்தான் அந்த டிரைவ்களின் கேபிள் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு துளைகளிலும் செருகி மின்சாரம் உறிஞ்ச வேண்டும். ஃபயர்வயரிலும் பல மடிக்கணினிகளில் இருந்த 4 முனைத் துளை மின்சாரம் தராது. தனி அடாப்டர் வேண்டும்.

இன்னொரு பயம், எழுதும்போது தரவு வரத்து தடைபடுவது. ஹார்ட் டிஸ்க் மெதுவானது என்றால் லேசர் எழுத விஷயமில்லாமல் நிற்கும், தட்டு பாழ். 2000-ல் சான்யோ கொண்டுவந்த 'பர்ன்-ப்ரூஃப்' மாதிரி நுட்பங்கள்தான் இதைத் தீர்த்தன. வரத்து குறைந்தால் லேசர் நிறுத்திக்கொண்டு, பிறகு அதே இடத்திலிருந்து தொடரும்.

மென்பொருள் கதையும் சுவையானது. விண்டோஸ் எக்ஸ்பி சிடி எழுதும், டிவிடி-ராமில் எழுதும். ஆனால் டிவிடி-ஆர், ஆர்டபிள்யூ தட்டுகளைத் தானாக எழுதாது. அந்த வசதி 2007 ஜனவரியில் வந்த விஸ்டாவில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ராஜாவாக இருந்தது ஜெர்மனியின் 'நீரோ பர்னிங் ரோம்'. ரோம் நகரம் எரிந்த கதையில் வரும் நீரோ மன்னனை வைத்துச் செய்த சிலேடைப் பெயர் அது. லினக்ஸ்காரர்களுக்கு 'கே3பி' இருந்தது.

நம் பாக்கெட்டில் கை வைத்தவர்கள்

எல்லாம் தொழில்நுட்பமாகவே போனால் எப்படி? கொஞ்சம் காசுக் கணக்கும் பார்ப்போம்.

டெல், எச்பி போன்ற கம்பெனிகள் டிரைவ்களைத் தாங்களே செய்யவில்லை. ஏலம் விட்டு, குறைந்த விலை கேட்பவரிடம் வாங்கின. விற்பவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு ஏலம் கேட்டார்கள். 2011-ல் ஹிட்டாச்சி-எல்ஜி டேட்டா ஸ்டோரேஜ் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2.11 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2015 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் 8 டிரைவ் விற்பனையாளர்களுக்கு மொத்தம் 11.6 கோடி யூரோ அபராதம் விதித்தது. குற்றம் நடந்த காலம் 2004 முதல் 2008 வரை. மடிக்கணினிக்குள் ரைட்டர் பரவிய அதே ஆண்டுகள்! வெளியே பிளஸ், மைனஸ் என்று சண்டை, உள்ளே விலையில் மட்டும் ஒற்றுமை.

நொய்டாவிலிருந்து வந்த தட்டு

தட்டு பக்கத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1983-ல் தீபக் புரி தொடங்கிய மோசர் பேயர் இந்தியா, நொய்டா பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஃப்ளாப்பியில் ஆரம்பித்து சிடி, டிவிடி என்று வளர்ந்து, எழுதும் தட்டுகளில் உலகின் மிகப் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றானது. 2007 வாக்கில் திரைப்படத் தட்டுகளை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றுத் திருட்டுத் தட்டுக்காரர்களையே யோசிக்க வைத்தது. தமிழ்ப் படத் தயாரிப்பிலும் இறங்கியது. 2008-ல் வந்த 'பூ' அதில் ஒன்று. பென் டிரைவும் இணையமும் வளர வளரத் தட்டின் தேவை சரிந்தது. கடனில் மூழ்கிய கம்பெனியைக் கலைக்கும்படி 2018-ல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

டிரே மூடிய காலம்

2008 ஜனவரியில் ஆப்பிளின் மேக்புக் ஏர் டிரைவ் இல்லாமலே வந்தது. வேண்டுமென்றால் 99 டாலருக்கு வெளி டிரைவ் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அடுத்த பத்தாண்டுகளுக்குள் மற்ற மடிக்கணினிகளும் அதே வழிக்கு வந்தன. டிரைவ் இருந்த குழியில் கேடி வைத்து எஸ்எஸ்டி போட்டவர்கள் நம்மில் பலர்.

சரி, போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

2000-களில் நம் வீடுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, இப்போது இல்லாத தாத்தா பாட்டியின் குரல், அண்ணன் அக்காவின் கல்லூரி பிராஜெக்ட் எல்லாம் பெரும்பாலும் தட்டில்தான் இருக்கின்றன. சாயப்பூச்சுத் தட்டு வெயிலிலும் ஈரத்திலும் கெடும். ஆர்டபிள்யூ தட்டில் கலைந்து உறைந்த அணுக்கள், சூடு பட்டால் மெல்ல மெல்லப் படிக நிலைக்கே திரும்பப் பார்க்கும். அதாவது அந்தத் தட்டு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அழித்து எழுத முடியும் என்ற வரத்தோடு ஒட்டிவந்த சாபம் இது. நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தட்டு நன்றாக இருந்து டிரைவ் இல்லாவிட்டாலும் கதை முடிந்தது. ஆகவே செய்ய வேண்டியது:

- வெளி யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினாலும் போதும். எல்லார் தட்டுகளையும் ஒரு மாதத்தில் எடுத்துவிடலாம்.
- தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவும். வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.
- ஒரு டிரைவில் படிக்காத தட்டு வேறொரு டிரைவில் படிக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு மூன்று டிரைவில் முயலவும். லினக்ஸில் உள்ள 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ' கெட்ட இடங்களை விட்டுவிட்டு மிச்சத்தை மீட்கும்.
- எடுத்ததை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடத்திலாவது வைக்கவும்.

ஓவ்ஷின்ஸ்கி 2012-ல் காலமானார். அவருடைய கண்டுபிடிப்பு எழுதுவதையும் அழிப்பதையும் ஒரே லேசருக்குக் கற்றுக்கொடுத்தது. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவு செய்வது மட்டும் நம் வேலையாகவே இருக்கிறது. இந்த விடுமுறையில் பீரோ மேல் இருக்கும் அந்தத் தட்டுப் பெட்டியை இறக்கிப் பாருங்கள்.

அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.